வீணையும் ஒரு சிவப்புப் பெட்டியும்: மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்

எங்கள் வீட்டுப் பீரோவுக்குச் சுருதி ஞானம் உண்டு என்பதை ஐம்பத்திரண்டு வயதில்தான் கண்டுபிடித்தேன். வீணையில் பஞ்சமத் தந்தியை வெறுமனே மீட்டினால், பீரோவின் பூட்டில் தொங்கும் சாவிக்கொத்து 'ஜிர்ர்' என்று பதில் சொல்லும். வேறு எந்தச் சுவரத்துக்கும் அசையாது. ஸ்ரீரங்கத்தில் இதே அறையில் இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாளும் அது என் காதில் விழுந்ததில்லை. 2021 ஆகஸ்டில் ஒரு சிவப்புப் பெட்டியை வாங்கி, அதில் மைக்கைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்ட முதல் மாலையே விழுந்துவிட்டது.

அந்தப் பெட்டி, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்': ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை. கூட வாங்கியவை ஆடியோ டெக்னிக்கா ஏடி 2020 மைக், அதே நிறுவனத்தின் எம்20எக்ஸ் ஹெட்ஃபோன், ஒரு ஸ்டாண்டு, ஒரு கேபிள். மொத்தம் 25,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு. ஏறக்குறைய அதற்குள்ளேயே முடிந்தது. பெட்டி பத்தாயிரத்துச் சொச்சம், மைக் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஹெட்ஃபோன் நாலாயிரத்து ஐந்நூறு, மீதி சில்லறை. இவை அன்றைக்கு நான் கொடுத்த விலை, இன்றைக்கு மாறியிருக்கும்.

இந்த வயதில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ளும் ஐந்து மாணவிகள் எனக்கு இருக்கிறார்கள். காணொளி அழைப்பில் பாடம் நடத்தினால் பாதி வீணை அங்கே போய்ச் சேருவதில்லை. அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நின்று நீண்டு ஒலிப்பது எதுவானாலும் அவற்றுக்கு இரைச்சல்தான். முதலில் தம்பூராவை விழுங்கும். அப்புறம், ஒரு மீட்டில் தந்தியை இழுத்து மூன்று சுவரம் காட்டினேன் என்றால், முதல் சுவரத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் துடைத்துவிடும். கமகம் இல்லாத வீணையைக் கேட்டு ஒரு பெண் அப்படியே கற்றுக்கொண்டு வந்து வாசித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் வாசிக்கிறாள் என்று அவள் அம்மாவுக்கு வேறு பெருமை. அன்றைக்கே முடிவு செய்தேன், பாடத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும் என்று.

முதலில் திருச்சியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். மணிக் கணக்கில் வாடகை. வாசித்து முடித்து ஒரு வாரம் கழித்துக் கிடைத்த பதிவைக் கேட்டால், கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல இருந்தது. "வீணை என்றால் கொஞ்சம் எக்கோ இருந்தால்தானே அழகு, மேடம்" என்றார் அங்கிருந்த தம்பி. பிறகு கணினியில் நேராகச் செருகும் மைக் ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வாசிப்பை நிறுத்தினால் அது தன்பாட்டுக்கு மழை பெய்துகொண்டிருந்தது. அது இப்போது என் மருமகளின் அலுவலகக் கூட்டங்களுக்குப் பயன்படுகிறது. அங்கே யாரும் குறை சொல்லவில்லையாம்.

இந்த நிலையில்தான் அண்ணன் மகன் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூரில் குறும்படங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலை செய்கிறவன். அவன் எழுதிக்கொடுத்த சீட்டுதான் மேலே சொன்ன பட்டியல்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோப்புப் பெட்டி இரண்டை அடுக்கினால் என்ன அளவோ அந்த அளவு. உலோக உடம்பு. தனியாக மின்சாரம் வேண்டாம். மடிக்கணினியிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியிலேயே உயிர் வாழும். முன்பக்கம் மைக் செருக ஓர் இடம், கிட்டார் போன்றவற்றுக்கு இன்னோர் இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். குமிழைச் சுற்றி ஓர் ஒளி வளையம்: ஒலி சரியான அளவில் வந்தால் பச்சை, எல்லை மீறினால் சிவப்பு. எனக்கு இருக்கும் கண்பார்வைக்கு இந்த வளையம் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். வீணையை மடியில் வைத்துக்கொண்டு கணினித் திரையின் ஓரத்தில் துடிக்கும் பொடிக் கோடுகளைப் பார்க்க முடியாது. 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் மைக் செருகும் இடத்தைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மேசை பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு முன்பக்கமே வசதி.

'48வி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஏடி 2020 கண்டென்சர் வகை மைக். கேபிள் வழியாக 48 வோல்ட் போனால்தான் அது விழித்துக்கொள்ளும். இதை அமுக்காமல் அரை மணி நேரம் மைக் கெட்டுப்போய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமுக்குவதற்கு முன் ஹெட்ஃபோனின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காதில் 'டொப்' என்று அறையும். 'ஏர்' என்று இன்னொரு பொத்தான். அது மேல் ஸ்தாயி ஒலிகளைச் சற்றுத் தூக்கிக் காட்டும். பாடுகிறவர்களுக்குப் பிடிக்கலாம். வீணையில் அது என் நகம் தந்தியில் படும் சத்தத்தைத்தான் தூக்கிக் காட்டியது. அணைத்தவள் அணைத்தவள்தான்.

என் அறியாமைக்கு இன்னொரு சாட்சி: இந்த மைக்கின் தலையை நோக்கிப் பாடக் கூடாது. மேடை மைக்கைப் போல நீட்டிப் பிடித்தால் ஒலி தூரத்தில் கேட்கும். இதன் முகம் பக்கவாட்டில், நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கத்தை வாத்தியத்துக்குக் காட்ட வேண்டும். இரண்டு நாள் பதிவு அதனால் வீண்.

எங்கே வைப்பது என்பதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. வீணைக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் குடத்தைக் காட்டுவார்கள். குடத்துக்கு நேராக அரையடியில் வைத்துப் பார்த்தேன். மந்தரம் பூதம் போல வீங்கியது. இந்த வகை மைக்குகளுக்கு அது இயல்பு; கிட்டே போகப் போகக் கீழ் ஸ்தாயி ஊதும். தண்டியின் நடுவில் வைத்தால் இடது கை விரல்கள் மெட்டுகளின் (தண்டியில் குறுக்கே பதித்த சுவரக் கட்டைகளின்) மேல் ஏறி இறங்கும் 'கிறீச்' முன்னால் வந்து நின்றது. கடைசியில், தந்திகள் ஏறி நிற்கும் குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பார்த்தபடி, ஒன்றரை அடி உயரத்தில், முன்பக்கமிருந்து சற்றுச் சாய்வாக வைத்தேன். பக்கவாட்டில் உள்ள தாளத் தந்திகள் என் பக்கம் இருப்பதால் அவை அடங்கி ஒலித்தன, முதன்மைத் தந்தியான சாரணி தெளிவாக நின்றது. அந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிவப்புப் பெட்டிக்கு என்று ஒரு குரல் கிடையாது. கொடுத்ததை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். கூட்டாது, குறைக்காது, எக்கோ போட்டு அழகுபடுத்தாது. பதிவில் கேட்ட குறை எல்லாம் என் வீட்டுடையது. முதல் மாதம் முழுக்க என் வீட்டின் குற்றப்பத்திரிகையைத்தான் அது வாசித்துக்கொண்டிருந்தது.

பீரோ சாவியை முன்னே சொன்னேன். அடுத்தது எதிரொலி. பத்துக்குப் பதினொரு அடி அறை, சிவப்புச் சிமெண்டுத் தரை, எதிரெதிரே வெற்றுச் சுவர். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினால் சுவர்களுக்கிடையே ஒலி 'தர்ர்' என்று நாலைந்து முறை ஓடிவிட்டு நிற்கும். கேபிள் வாங்கிய கடையில், சுவரில் ஒட்டும் ஃபோம் சதுரங்களைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் முன்பணம் கொடுத்த பிறகுதான் அண்ணன் மகன் தொலைபேசியில் தடுத்தான். "அத்தை, அந்த ஒரு அங்குலப் பஞ்சு மேல் ஸ்தாயியை மட்டும்தான் குடிக்கும். கீழ் ஸ்தாயிக்குக் கனமான சாமான் வேண்டும். உங்கள் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இல்லையா?" இருந்தது. என் கல்யாணத்துக்குத் தைத்த இரட்டை மெத்தை பரணில் கிடந்தது. அதை இறக்கி, வெயிலில் போட்டு, எதிர்ச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்தேன். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, அதன் மேல் பத்தமடைப் பாய். முதுகுக்குப் பின்னால் கொடியில் நாலு பருத்திப் புடவை, மடிப்பு மடிப்பாக. கை தட்டினால் இப்போது 'தட்' என்று ஒன்றுதான் கேட்கிறது. செலவு, மெத்தையை இறக்கிய ஆளுக்கு நூறு ரூபாய். வாங்கிய சாமான்கள் அத்தனையும் சேர்ந்து செய்யாத மாற்றத்தை அந்த நூறு ரூபாய் செய்தது.

மூன்றாவது குற்றவாளி மின்சாரம். பதிவில் அடியோட்டமாக ஒரு 'ம்ம்ம்' இருந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு ஒலியாகக் கசிந்தால் அதற்கும் ஒரு சுவரஸ்தானம் உண்டு. என் வீணை மூன்று கட்டைச் சுருதி. அதற்கு 50 துடிப்பு என்பது சற்றே ஏறின சாதாரண காந்தாரம் (அந்தர காந்தாரத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் 'க'). கரகரப்ரியாவிலும் அதே காந்தாரம்தான்; அதை வாசித்தபோது எனக்கு இது தெரியவே இல்லை. மறுநாள் கல்யாணி எடுத்தேன். அந்தர காந்தாரத்தில் போய் நின்றதும் கீழே ஒருவன் விடாப்பிடியாகச் சாதாரண காந்தாரத்தைப் பாடிக்கொண்டிருக்கிறான்! பெட்டியைச் சந்தேகித்தேன், மைக்கைச் சந்தேகித்தேன். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் பாட்டு நின்றது. எங்கள் வீட்டு எர்த் இணைப்பு நாள்பட்டுப் பழுதாகியிருந்ததை மின்பணியாளர் வந்து பார்த்துச் சொன்னார். சரி செய்த பிறகும் பதிவு நேரத்தில் சார்ஜரைச் செருகுவதில்லை. மின்னேற்றம் நிறைந்த கணினி இரண்டு மணி நேரம் தாங்குகிறது; என் இடுப்பு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

இந்த 'ம்ம்ம்'மை மென்பொருளில் வெட்டிவிடலாமே என்று கேட்பார்கள். 80 துடிப்புக்குக் கீழே வெட்டு என்று பாடகர்களுக்குச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். வீணைக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சுருதியில் மந்தர சட்ஜம் 82இல் இருக்கிறது, அதற்கும் கீழே உள்ள அனுமந்தரப் பஞ்சமம் 62 அளவில். 80இல் வெட்டினால் அனுமந்தரத்தின் அடிப்பாகம் போய், தந்தி இருக்கும், கனம் இருக்காது. நான் 40இல் வெட்டுகிறேன். தெருவில் போகும் லாரியின் உறுமல் கொஞ்சம் குறைகிறது, வீணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மென்பொருள் ரீப்பர். ஒரு காலத்தில் கணினி வைத்திருந்த எல்லோரும் பாட்டுக் கேட்ட வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் செய்தவர். அறுபது நாள் இலவசம். அதன் பின்னும் நின்றுவிடாது. திறக்கும்போதெல்லாம் காசு கொடுக்கவில்லையே என்று நினைவூட்டும். சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். ஒரு வருடம் அதன் முகத்தைப் பார்த்துக் கூசிக்கூசிக் கடைசியில் கட்டிவிட்டேன். பெட்டியோடு இலவசமாகக் கிடைத்த மென்பொருள்களை ஒரு முறை திறந்து பார்த்து மூடினேன். தாள வாத்தியங்களை அடுக்கிப் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு உதவலாம். ரீப்பரில் எனக்குத் தேவை நாலே காரியம்: பதிவு செய்வது, தப்பான இடத்தை வெட்டுவது, தம்பூராவைத் தனித் தடத்தில் ஓட்டுவது, முடிந்ததை எம்பி3 ஆக்குவது. தம்பூரா விஷயம் முக்கியம். அறையில் சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு வாசித்தால் அது வீணையோடு சேர்ந்து மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்க முடியாது. தம்பூராவை முன்கூட்டியே ஒரு தடத்தில் போட்டு ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு வாசிக்கிறேன். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் வாங்கச் சொன்னது அதற்குத்தான்.

இங்கே ஒரு சங்கடம் வரும். நாம் மீட்டுவதும் காதில் கேட்பதும் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் வாசிக்கவே வராது. நெரவலில் பின்னால் யாரோ நிழல்போல வாசிப்பதாகத் தோன்றும். மைக்கின் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வரும் நேரம் அது. பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் ஒலி கணினிக்குப் போகாமல் அங்கிருந்தே காதுக்குத் திரும்பிவிடும். சுவிட்சைப் போட்டும் எனக்கு இரட்டை வீணைதான் கேட்டது. ரீப்பரும் தன் பங்குக்கு இன்னொரு வீணையை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்றை அணைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போனது.

எவ்வளவு சத்தமாகப் பதிவு செய்வது? இதில் பேராசை கூடாது. பழைய டேப் ரிக்கார்டர் நாளில் முள் சிவப்பைத் தொடும் வரை ஏற்றுவோம், இல்லாவிட்டால் நாடாவின் இரைச்சல் மேலே வந்துவிடும். இந்தப் பெட்டி 24 பிட்டில் பதிகிறது. அடியில் இடம் தாராளம். தாளத் தந்தியை ஓங்கி மீட்டினாலும் அளவுகோல் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி குமிழை வைக்கிறேன். வளையம் சிவந்துவிட்டால் அந்த நொடி உடைந்தது உடைந்ததுதான், எந்த மென்பொருளும் ஒட்டாது. சின்னதாகப் பதிந்ததைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஏடி 2020ஐப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கூர்மையான காது அதற்கு. பக்கத்து வீட்டுக் குக்கர், கோயில் மணி, வைகாசியில் குயில், 'தக்காளி தக்காளி' என்று ஒலிபெருக்கி வைத்த தள்ளுவண்டி எல்லாம் ஏறும். தெரு ஓசை உங்களுக்குப் பெரிய தொல்லை என்றால், பாடுகிறவராகவும் இருந்தால், மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் நல்லது. வாய்க்கு அருகே பிடித்துப் பாடினால் தெரு பின்வாங்கிவிடும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மாணவியின் அப்பாவிடம் ஒன்றை இரவல் வாங்கி வீணைக்கும் முயன்றேன். வீணையின் மெல்லிய ஒலிக்கு அது போதவில்லை. குமிழை முழுக்கத் திருகவேண்டி வந்தது, கூடவே சன்னமான இரைச்சலும் வந்தது.

மின்விசிறியைச் சொல்லவில்லையே. திருச்சியில் மே மாதம் விசிறியை அணைத்துவிட்டு வர்ணம் இரண்டு காலம் வாசிப்பவருக்குப் பத்மஸ்ரீ கொடுக்கலாம். அணைக்காமலும் முடியாது, விசிறிக் காற்று மைக்கில் பட்டால் 'புஸ் புஸ்' என்று கேட்கும். ஃப்ரிட்ஜ் ஒன்று, பம்புசெட்டு ஒன்று, மாடி வீட்டு ஏசி ஒன்று. இதற்கெல்லாம் ஒரே தீர்வாக எனக்குக் கிடைத்தது செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் 'மாதாந்திரப் பராமரிப்பு: நாளை மின்நிறுத்தம்' என்ற சிறு செய்தி. எங்கள் வீதியின் பெயர் வந்துவிட்டால் எனக்குப் பண்டிகை. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றதும் தெரு முழுக்க ஒரு மௌனம் இறங்கும். மடிக்கணினி பேட்டரியில், பெட்டி மடிக்கணினியில். சாவிக்கொத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள், முனையில் இருக்கும் ஜவுளிக்கடை தன் ஜெனரேட்டரைக் கிளப்புவதற்குள், மூன்று பாடம் முடித்துவிடுவேன்.

மூன்று ஆண்டில் பெட்டியில் எதுவும் பழுதாகவில்லை. மைக்கிலும் இல்லை. போனது கேபிள் ஒன்றுதான். மைக்கோடு கேபிள் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கியது இருநூறு ரூபாய்ச் சரக்கு. ஆறாம் மாதம் உள்ளே பற்றவைப்பு விட்டு, கையை அசைத்தால் 'கரகர' என்றது. இரண்டாவதாக எழுநூறு ரூபாய்க்கு வாங்கியது இன்னும் உழைக்கிறது. ஸ்டாண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். என்னுடையது எடை தாங்காமல் ஒரு நாள் தலை குனிந்து மைக்கோடு வீணையின் யாளி முகத்தில் இறங்கியது. மைக் பிழைத்தது. யாளிக்கு ஒரு காது சற்று மழுங்கல். இப்போது ஸ்டாண்டின் காலில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டியிருக்கிறேன்.

இன்றைக்குக் கையில் காசோடு கடைக்குப் போனால் இதே பெட்டியை வாங்குவேனா? மாட்டேன். சோலோவில் மைக் செருக ஒரே இடம்தான். இரண்டாவது இடம் கிட்டாருக்கும் வீணையில் ஒட்டும் பிக்கப்புக்கும் சரி, இன்னொரு மைக்குக்கு ஆகாது. தனியாகப் பாடுகிறவருக்கோ வாசிக்கிறவருக்கோ அது குறையே இல்லை. எனக்கும் இரண்டு வருடம் குறையாகப் படவில்லை. போன மார்கழியில் மாணவி ஒருத்தியின் தம்பி மிருதங்கத்தோடு வந்தான். அறையின் நடுவில் ஒற்றை மைக். வீணை இரண்டடியில், மிருதங்கம் ஐந்தடி தள்ளி, மெத்தைக்கு முதுகைக் காட்டி. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் அவனை அரையடி பின்னால் தள்ளித் தள்ளி, நாலாவது பதிவில் பையன் வாசற்படியைத் தாண்டி ரேழியில் உட்கார்ந்திருந்தான். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை கணீரென்று விழுந்திருக்கிறது, இடது முகமான தொப்பியைக் காணோம். "மாமி, என் இடது கை வாசிக்கவே இல்லை என்று என் குருநாதர் சொல்வார்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இதே வரிசையில் இரண்டு மைக் செருகும் 'டூ ஐ டூ' இருக்கிறது. அன்றைக்கு அதற்கும் இதற்கும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். மெத்தை பரணில் இருப்பது முன்பே நினைவுக்கு வந்திருந்தால், கேபிள் கடையில் ஃபோமுக்கு என்று முன்பணம் கொடுத்துத் தொலைத்த ஆயிரத்தையாவது அதில் போட்டிருப்பேன்.